பன்னெண்டாவது வீட்டுத் தண்ணி

இப்படி இந்தப் பக்கம் வந்து உட்காருங்க தம்பி. அங்க காத்து வராது. நான் வந்ததுமே பார்த்துட்டேன், ஃபேன் றெக்கை ஒண்ணு வளைஞ்சிருக்கு, காத்து பூரா சுவத்துக்குத்தான் போகுது. உள்ள போய்க் கிளார்க்கிட்டச் சொன்னேன். "உங்க டோக்கன் எத்தனை சார்?"னு கேக்குறான். நான் ஃபேனைச் சொல்றேன், அவன் டோக்கனைக் கேக்குறான். பத்திர ஆபீஸ்னா அப்படித்தான்.

உங்களுக்கு எத்தனை? முப்பத்தொண்ணா. எங்களுக்கு இருபத்தாறு. இப்பத்தான் பத்தொன்பது போயிருக்கு. சர்வர் வேற நின்னு நின்னு வருதாம். வாங்குறீங்களா, விக்கிறீங்களா? விக்கிறீங்க. வீடா? மனையா. சரி சரி. கூட யாரும் வரல்லியா? ஓ, அந்த வேப்பமரத்தடியில நிக்கிறவங்களா. வீட்டம்மாவா. சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தீங்களாக்கும். சரி.

நான் வீடு வாங்குறேன். உறையூர்ல. அந்த ஜன்னலோரப் பெஞ்சைப் பாருங்க, மூணு பொம்பளைங்க உட்கார்ந்திருக்காங்களா? பச்சைப் புடவை என் சம்சாரம், அம்சவல்லி. நடுவுல கண்ணாடி போட்டுக்கிட்டு ஃபைலை மடியில வச்சிருக்கிறது பெனிட்டா, புரோக்கர். அந்தக் கடைசியில வெள்ளை முடி, தேன்மொழி டீச்சர், வீட்டை விக்கிறவங்க. வாங்குறவங்க, விக்கிறவங்க, புரோக்கர், மூணு பேரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே பொட்டலத்துல முறுக்கு சாப்பிட்டு எங்கயாவது பார்த்திருக்கீங்களா? எனக்கு அதுல இடம் இல்ல. அதான் இங்க வந்து உட்கார்ந்தேன்.

என் பேரு தாயுமானவன். எடையளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனேன். கடை கடையாப் போய்த் தராசுல முத்திரை இருக்கா, படிக்கல்லு சரியா இருக்கான்னு பார்க்கிற வேலை. முப்பத்துமூணு வருஷம். அதுல ஒரு கண்ணு வந்துடும் தம்பி. எதைப் பார்த்தாலும் எங்க கோணல்னு முதல்ல தெரிஞ்சுடும். நான் குறை சொல்றவன் இல்ல. இருக்கிறதைச் சொல்றவன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, அது அம்சாவுக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல்ல.

முப்பத்துமூணு வருஷத்துல பதினாலு ஊரு. பதினாலு வாடகை வீடு. எல்லாம் நான் பார்த்து வச்ச வீடுதான். ஆர்டர் வந்ததும் நான் முன்னாடி போய் ஒரு வீட்டைப் பிடிச்சுடுவேன், அவ பின்னாலயே சாமானோட லாரியில வருவா. வந்து இறங்கி, "இதுதானா?"ம்பா. "இதுதான்"ம்பேன். உள்ள போயிடுவா. அவ்வளவுதான். ஒரு தகராறு கிடையாது. அப்படி ஒரு மனைவி அமையறது கஷ்டம்.

ரிட்டயர் ஆன அன்னிக்கு ராத்திரி ஒண்ணே ஒண்ணு சொன்னா. "இனிமே நான் பெட்டி கட்ட மாட்டேன். இந்தத் தடவை போற வீட்டுலேருந்து என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்." நான் சரின்னுட்டேன். சொந்த வீடுன்னா அப்புறம் எங்க போகப் போறோம்?

பெனிட்டாவை எனக்குச் சொன்னது கூட வேலை பார்த்த ஒருத்தர். மத்த புரோக்கர் மாதிரி இல்ல சார், அந்தம்மா வாங்குறவங்களுக்கு மட்டும்தான் வேலை பார்க்கும், விக்கிறவங்க கையால காசு தொடாதுன்னாரு. அப்படி ஒரு புரோக்கரா? சரி, பார்ப்போம்னு வரச் சொன்னேன். ஸ்கூட்டியில வந்து இறங்கினாங்க. நான் ரெடியா இருந்தேன். எனக்கு வீடு எப்படி இருக்கணும்னு டைப் அடிச்சே வச்சிருந்தேன், இருபத்துமூணு பாயிண்ட். கிழக்குப் பார்த்த வாசல், சத்தம் கூடாது, பக்கத்துல கடை கூடாது, ஸ்கூல் கூடாது, கல்யாண மண்டபம் கூடாதுன்னு வரிசையா.

அந்தம்மா அதை வாங்கினாங்க. நாலா மடிச்சாங்க. ஹேண்ட்பேக்ல வச்சாங்க. "சார், இந்த வீட்டுல பகல் பூரா இருக்கிறது யாரு?"ன்னாங்க. நான் லைப்ரரி, வாக்கிங், பென்ஷனர் சங்கம்னு போயிடுவேன். அம்சாதான் இருப்பா. சொன்னேன். "வீடு பார்க்கறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கிற வீட்டைப் பார்த்துடுறேன் சார்"னுட்டு நேரா அடுக்களைக்குள்ள போயிட்டாங்க. ஒண்ணேகால் மணி நேரம். ரெண்டு பேரும் என்ன பேசினாங்களோ, ஒரு தடவை அம்சா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நான் ஹால்ல உட்கார்ந்திருக்கேன். என் லிஸ்ட்டைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது.

போகும்போது வாசல்ல நின்னு சொன்னாங்க. "நான் வாங்குற பார்ட்டி பக்கம்தான் சார் நிப்பேன். விக்கிறவங்க பக்கம் ஒரு இம்மி சாய மாட்டேன். வீட்டுக்காரங்க முன்னாடி பிடிச்சிருக்குன்னு மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, விலை ஏறிடும். நீங்க என்ன குறை தெரிஞ்சாலும் சொல்லுங்க. உங்களுக்கு அது நல்லா வருதுன்னு அக்கா சொன்னாங்க." பாருங்க, ஒரு தடவை பார்த்ததுலயே ஆளை எடை போட்டுட்டாங்க. எனக்கும் அந்தம்மா மேல ஒரு மரியாதை வந்துச்சு. என்ன ஒண்ணு, என்னை சார்ங்கிறாங்க, இவளை அக்காங்கிறாங்க. அது எதுக்குன்னு அப்ப யோசிக்கல்ல.

அப்புறம் வீடு பார்க்க ஆரம்பிச்சோம். நான் டேப், ரசமட்டம், டார்ச் மூணும் எடுத்துக்குவேன். ரசமட்டம் தெரியுமில்ல, கொத்தனார் வச்சிருப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள்ள குமிழ் ஓடுமே, அது. தரையில வச்சா பொய் சொல்லாது. பதினோரு வீடு பார்த்தோம். பதினோரு வீட்டுலயும் குமிழ் ஓரத்துக்குத்தான் போச்சு. நாட்டுல ஒரு வீடு நேரா இல்ல தம்பி.

இதுல இன்னொண்ணு கவனிச்சேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல தண்ணி கொடுப்பாங்க இல்லியா? இவ வேண்டாம்னுடுவா. நல்ல வெயில், நாக்கு ஒட்டிக்குது, சொம்பை நீட்டுறாங்க, "இல்லீங்க, இப்பத்தான் குடிச்சேன்"கிறா. எங்க குடிச்சா? என்கூடத்தானே வந்தா? நான் வாங்கிக் குடிச்சுடுவேன். கொடுக்கிறதை வேண்டாங்கிறது மரியாதை இல்ல. வெளியில வந்து திட்டினேன் கூட. "ஒரு வாய் குடிச்சா என்னடி, நாகரிகம் தெரியாத மாதிரி." போய் வண்டியில ஏறிட்டா.

எட்டாவது வீடு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. மதுரை ரோட்டுல ஊரைத் தாண்டிப் போகணும். சுத்தி நாலு பக்கமும் காலி மனை. ஒரு சத்தம் இல்ல. காம்பவுண்டு ஏழடி, உள்ள உட்கார்ந்தா உலகமே தெரியாது. என் இருபத்துமூணுல இருபத்தொண்ணு பொருந்துது! அட்வான்ஸ் கொடுத்துடலாம்னேன். பெனிட்டா, "சார், மத்தியானம் ரெண்டு மணிக்கு மறுபடி வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்காருவோம்"னாங்க. உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துல ஒரு நாய் போச்சு. அது திரும்பி வரல்ல. எனக்கு அப்படியே மனசு குளுந்து போச்சு. அம்சா கேட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா. நாய் திரும்பி வருமான்னு பார்க்கிறா போலன்னு நினைச்சேன்.

மறுநாள் அந்தம்மா ஃபோன் பண்றாங்க, அந்த மனைக்கு அங்கீகாரம் இல்ல சார், வேண்டாம்னு. விசாரிச்சேன். நிஜம்தான். அதுக்காக உடனே வேண்டாம்னுடறதா? நாலு நாள் நான் அவங்ககிட்டப் பேசல்ல. அம்சாதான் பேசிக்கிட்டிருந்தா.

பன்னெண்டாவதுதான் டீச்சர் வீடு. உறையூர்ல ஒரு தெரு, ரெண்டு பக்கமும் வீடு, எதிர்ல தையல் கடை, முக்குல ஸ்கூல் வேன் நிக்கும். தேன்மொழி டீச்சர் கவர்ன்மென்ட் ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்தவங்க. வீட்டுக்காரர் போயிட்டாரு, கரூர்ல தங்கச்சிகூடப் போய் இருக்கப் போறாங்க. தெருவுக்குள்ள நுழையும்போதே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, இது நமக்கு ஆகாதுன்னு. லிஸ்ட்ல ஒரு அஞ்சு கூடத் தேறாது.

உள்ள போனோம். டீச்சர் உட்காரச் சொன்னாங்க, பேசிக்கிட்டே இருந்துட்டாங்க, தண்ணி கொடுக்கல்ல. மறந்துட்டாங்க போல. திடீர்னு இவ, பதினோரு வீட்டுல வேண்டாம்னவ, தானா வாயைத் திறந்து, "டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"ங்கிறா! என் பையில பாட்டில் இருக்கு. இந்தான்னு எடுத்து நீட்டினேன். பெனிட்டா பாட்டிலைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "சார், நீங்க மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்களேன். வெடிப்பு இருக்கும்"னாங்க. போனேன். இருந்துச்சு. மூணு.

கீழ வந்தா இவ அடுக்களையில நிக்கிறா. அந்த அடுக்களை ஜன்னல் நேரா தெருவுல திறக்குது. அதையே நான் ஒரு குறைன்னு எழுதினேன், புகை, தூசி, கண்டவன் எட்டிப் பார்ப்பான். தெருவுல கீரைக்கார அம்மா ஒருத்தி நிக்க, இவ உள்ளேருந்து பேசுறா, "அரைக்கீரை நாளைக்கு வருமா?"ன்னு. நாளைக்கு! யாரு வீட்டுல யாரு கீரை கேக்கிறது? கையில டம்ளர். தண்ணி எப்பவோ குடிச்சாச்சு. டம்ளரை மட்டும் கீழ வைக்கல்ல.

நான் வேலையைப் பார்த்தேன். ரசமட்டத்தை அடுக்களைத் தரையில வச்சேன். குமிழ் ஒரேயடியா ஓரம். "டீச்சர், தரை சாய்ஞ்சிருக்கு"ன்னேன். "கழுவி விட்டா தண்ணி வெளியில ஓடணுமில்ல சார், அதுக்கு வாட்டம் கொடுத்துக் கட்டினது"ன்னாங்க. "வாட்டம்னா இவ்வளவா?" டேப்பை எடுத்தேன். "கொடுங்க, எனக்கும் டேப் பிடிக்கத் தெரியும்"னு ஒரு முனையை அவங்க பிடிச்சாங்க. மொத்தம் பத்தொன்பது குறை. வரிசையா எழுதி, நடு ஹால்ல நின்னு சத்தமா வாசிச்சேன். சாமி ரூம் கதவு கால் அங்குலம் தொங்குதுங்கிற வரைக்கும். அது அவங்க வீட்டுக்காரர் கையால மாட்டின கதவாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் குறை சொல்றவன் இல்ல. இருக்கிறதைச் சொல்றவன். பெனிட்டா ஒரு தடவை கூட என்னைத் தடுக்கல்ல. இன்னும் ஏதாவது இருக்கா சார்னு கேட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு பெனிட்டா எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஹால்ல உட்கார்ந்து, ஒரு சிரிப்பு இல்லாம சொல்றாங்க. "சார், டீச்சர் இறங்கி வந்துட்டாங்க. நீங்க சொன்ன குறை பத்தொன்பதும் நிஜம்தான்னு ஒத்துக்கிட்டாங்க. நான் குறைச்சுக் கேட்ட விலைக்கே தராங்க."

எனக்கு எப்படி இருக்கும்? வேண்டாத வீடுதான், ஆனா ஜெயிச்சாச்சு.

"ஆனா ஒரு கண்டிஷன் சார். அந்த மனுஷன் பேருக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன்கிறாங்க. தண்ணி கேட்டாங்களே, அவங்க பேருக்குன்னா எழுதறேன், இல்லேன்னா வீடு பூட்டியே கிடக்கட்டும்கிறாங்க."

அந்த மனுஷன்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். முப்பத்துமூணு வருஷ சர்வீஸ்ல ஒரு கடைக்காரன் என்னை அப்படிச் சொன்னதில்ல. வேண்டவே வேண்டாம், போகச் சொல்லுங்கன்னேன். அம்சா பக்கம் திரும்பி, "வேற வீடு பார்த்துக்கலாம்"னேன்.

அவ அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. சத்தமே போடல்ல. "நீங்க வேற வீடு பார்த்துக்குங்க. நான் டீச்சர் வீட்டுக்குப் போறேன்"னா.

எனக்குக் காது சரியாக் கேக்கல்லியோன்னு ஆயிடுச்சு. என்னடி சொல்றேன்னேன். "புதுக்கோட்டை மனையை வித்தப்பவும் இதையேதான் சொன்னீங்க. வேற பார்த்துக்கலாம்னு."

இருபத்தேழு வருஷம் ஆச்சு தம்பி. ஒரு நாள், ஒரு பொழுது, அந்த மனையைப் பத்தி அவ வாயைத் திறந்ததில்ல. நான் மறந்தே போயிட்டேன். அவ வளையலை வித்து வாங்கின மனைதான். என் பேர்ல இருந்துச்சு. தருமபுரிக்கு மாத்தல் வந்துச்சு, விலையும் நல்லா வந்துச்சு, என் தம்பி லாரி வாங்கணும்னு நின்னான். வித்துட்டேன். அவளைக் கேக்கல்ல. கேக்கணும்னு தோணல்ல. பத்திரத்துக்கு ஒரு சாட்சி குறைஞ்சுச்சு, அதுக்கு மட்டும் வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தேன். வந்து கையெழுத்துப் போட்டா.

பெனிட்டா இருந்தாங்களே, புரோக்கர், நாலு சமாதானம் சொல்லணுமில்லியா? ஃபைலை மூடி மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. "ஏம்மா, நீங்க வாங்குறவங்க பக்கம்தானே நிப்பேன்னீங்க?"ன்னு கேட்டேன். "ஆமா சார். முதல் நாள்லேருந்து அங்கதான் நிக்கிறேன்"னாங்க.

சட்டையைப் போட்டுக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்துட்டு வந்தேன். வந்து, சரி, பேருதானே, யார் பேர்ல இருந்தா என்ன, நான் முடிவு பண்ணிட்டேன், அவ பேருக்கே எழுதட்டும்னு சொல்லிட்டேன். நானாத்தான் சொன்னேன். அவங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள காபி குடிச்சு முடிச்சிருந்தாங்க.

இன்னிக்குக் காலையில ஆட்டோவுல வரும்போதுதான் அந்தத் தண்ணி விஷயத்தைச் சொல்றா. முதல் நாளே அடுக்களையில பெனிட்டாகூடப் பேசி வச்சதாம். பிடிச்ச வீடா இருந்தா நானே தண்ணி கேப்பேன், பிடிக்காத வீட்டுல பச்சைத் தண்ணி தொட மாட்டேன்னு. பதினோரு வீடு, சித்திரை வெயில்ல, தொண்டை காஞ்சு திரிஞ்சிருக்கா. ஏண்டி, என்கிட்டச் சொன்னா என்னன்னேன். "சொன்னா ரசமட்டத்தை எடுத்து வைப்பீங்க"ன்னா. இவ எதையாவது பிடிச்சிருக்குன்னா நான் உடனே அதுல குறை பார்ப்பேனாம். அப்படி எதைப் பார்த்தேன், ஒண்ணு சொல்லுன்னேன். ஒண்ணா ரெண்டான்னு ஆரம்பிச்சா, ஆட்டோ இங்க வந்து நிக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தா. ஆட்டோக்காரன் வேற கண்ணாடியில என்னைப் பார்க்கிறான்.

இருங்க இருங்க, இருபத்தாறு கூப்பிட்டாங்க. அவங்க எழுந்துட்டாங்க. நானும்… என்ன? எழுதிக் கொடுக்கிறவங்க, வாங்குறவங்க மட்டும் முதல்ல வரணுமா? நான் அவ புருஷன்ப்பா. சாட்சியை அப்புறம் கூப்பிடுவீங்களா. சரி. சரி, நான் உட்கார்ந்திருக்கேன்.

பாருங்க, உள்ள போட்டோ எடுக்கிறாங்க. அந்த போட்டோ பத்திரத்துலயே வரும் தம்பி, காலத்துக்கும் இருக்கும். அதான் கேமராவை நேராப் பாரு, தலையைச் சாய்க்காதேன்னு சொல்லி அனுப்பணும்னு நினைச்சேன். சொல்லாமப் போயிட்டா. இங்கேருந்து தெரியுது பாருங்க. நேராத்தான் உட்கார்ந்திருக்கா. முதுகு நேரா இருக்கு. புடவைத் தலைப்பைக் கூடச் சரி பண்ணிக்கிட்டா. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

புதுக்கோட்டை ஆபீஸ்லயும் இதே மாதிரி ஒரு பெஞ்சு இருந்துச்சு. நான் உள்ள கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். அவ வெளியில உட்கார்ந்திருந்தா, சாட்சின்னு கூப்பிடுறதுக்காக. மத்தியானம் சாப்பிட்டாளா, தண்ணி குடிச்சாளா, என்ன நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, ஒண்ணும் தெரியாது. நான் கேக்கவே இல்ல. இன்னிக்கு இங்க உட்கார்ந்ததுலேருந்து எனக்கு அதேதான் ஓடிக்கிட்டிருக்கு.

நீங்க விக்கிற மனை எப்ப வாங்கினது தம்பி? கல்யாணமான புதுசுலயா. ம். வீட்டம்மா இன்னும் அந்த மரத்தடியிலயே நிக்கிறாங்க பாருங்க. உள்ள இத்தனை இடம் காலியா இருக்கு, வந்து உட்காரல்ல. நான் வந்ததுலேருந்து பார்க்கிறேன், நீங்களும் அந்தப் பக்கம் போகல்ல. அவங்களைக் கேட்டீங்களா, கேக்கல்லியான்னு நான் விசாரிக்க வரல்ல. அது உங்க குடும்ப விஷயம்.

இதோ, சாட்சி யாருன்னு கேக்கிறான். நான்தாம்ப்பா, வரேன், ஆதார் இருக்கு. இந்தாங்க, இந்தப் பாட்டிலைப் பிடிங்க. முப்பத்தொண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கு. போய், தண்ணி வேணுமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. வேண்டாம்னாங்கன்னா, கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க.